வயிற்றில் ஒயர் மாட்டிய ஒரு மணி நேரம்

இரண்டு வருடங்களுக்கு முன்னால், ஒரு ஆடி மாதம். சேலத்தில் ஒரு மருத்துவமனையில் படுத்திருந்தேன். இரைப்பைப் புண் ஓட்டையாகி, அவசர ஆபரேஷனில் பாதி இரைப்பையை எடுத்துவிட்டார்கள். பன்னிரண்டு நாளாகியும் ஒரு வாய் தண்ணீர் தங்கவில்லை. குடித்ததெல்லாம் பச்சையாகத் திரும்பி வந்தது. நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்துக்கொண்டு விடிந்தது முதல் ஓடிக்கொண்டிருந்தவள் நான். மூக்கில் குழாயோடு படுத்துக் கிடப்பதே தண்டனையாக இருந்தது.

காரணம் ஸ்கேனில் தெளிவாகத் தெரியவில்லை என்றார் டாக்டர். இதயத்துக்கு ஈசிஜி எடுப்பதுபோல வயிற்றுக்கும் எடுக்கலாமாம். இரைப்பையும் உள்ளே ஓடும் மின்சாரத்தில்தான் அசைகிறதாம். அந்த அலை சோர்ந்திருந்தால் இரைப்பை மயங்கிக் கிடக்கிறது, மருந்து கொடுத்துக் காத்திருக்கலாம். அலை நன்றாக இருந்தும் எதுவும் இறங்கவில்லை என்றால் தையல் போட்ட இடத்தில் அடைப்பு, மறுபடியும் வயிற்றைத் திறக்க வேண்டியதுதான். எடுத்துப் பாருங்கள் என்றேன்.

சோதனை சுலபம். வயிற்றில் ஜெல் தடவி, வட்ட வட்டமான பட்டைகளை ஒட்டி, ஒயர் மாட்டினார்கள். ஒரு மணி நேரம் அசையக் கூடாது, பேசக் கூடாது. அவ்வளவுதான்.

முதல் நாள் அரை மணி நேரம் தாண்டியிருக்கும். வீட்டுக்காரரின் பங்காளிகள் ஏழு பேர் ஆரஞ்சுப் பழத்தோடு உள்ளே வந்தார்கள். எங்கள் பக்கத்தில் யார் வந்தாலும் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து “வாங்க” என்று கேட்டாக வேண்டும், அதுதான் வரவேற்பு. ஒருவரை விட்டுவிட்டால் போச்சு, காலத்துக்கும் சொல்லிக் காட்டுவார்கள். பழகிய வாய் சும்மா இருக்குமா? எழுந்து கும்பிட்டு ஏழு பேரையும் தனித்தனியாகக் கேட்டுவிட்டேன். கம்ப்யூட்டரில் கோடெல்லாம் கோழி கிளறிய குப்பை மாதிரி ஆகிவிட்டது.

“அக்கா, இதுல எது வயித்தோட கோடு, எது நீங்க எந்திரிச்ச கோடுன்னே தெரியல. நாளைக்கு மறுபடி எடுக்கணும்” என்றாள் டெக்னீசியன் பெண். என் உயிரைவிடப் பங்காளி மரியாதை பெரிதாகிவிட்டதா என்று என்னையே திட்டிக்கொண்டேன். நாளைக்கு எமனே வந்து நின்றாலும் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு கட்டினேன்.

மறுநாள் ஒயர் மாட்டிப் பத்து நிமிடம் இருக்கும். வீட்டுக்காரர் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றவர் அவருடைய அக்கா, எனக்கு நங்கையா. எங்கள் புது வீட்டுக்குப் பால் காய்ச்சிய அன்று நான் அவரை “வாங்க” என்று கேட்கவில்லை என்று, கை நனைக்காமல் திரும்பிப் போனவர். ஆறு வருடமாக எங்கள் வாசலை மிதிக்கவில்லை. நானும் வீம்புக்காரி, கேட்டேன் கேட்டேன் என்றே எல்லாரிடமும் சாதித்தேன். உண்மையில் நான் கேட்கவில்லை.

அவர் நிலைப்படியைத் தாண்டாமல் நின்றார். எதற்கு நிற்கிறார் என்று எனக்குத் தெரியும். சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விடவில்லை. அவரைப் பார்த்தபடியே கிடந்தேன். கண்ணீர் காதுப் பக்கம் வழிந்தது, துடைக்கக்கூடக் கையைத் தூக்கவில்லை. அவர் முகம் சுண்டிப்போய்த் திரும்பினார்.

“அவங்க இப்பப் பேசக் கூடாதுங்க. பேசினா இன்னைக்கும் வீணாயிரும்” என்றாள் டெக்னீசியன் பெண் மெதுவாக. நங்கையா ஒயர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு வெளியே போய்க் கதவைச் சாத்திவிட்டார். போய்விட்டார் என்றுதான் நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் வெளியே பேச்சுச் சத்தம். ஊரிலிருந்து இன்னொரு கூட்டம் வந்திருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் நங்கையாவின் குரல் கேட்டது.

“வாங்க மாமா, வாங்க அத்தை. ஆரும் உள்ள போகாதீங்க, அவ இப்பப் பேசக் கூடாது. அவளுக்குப் பதிலா நான் கேக்கறேன், இப்படி உக்காருங்க.”

சோதனை முடியும்வரை அந்தக் கதவு திறக்கவே இல்லை. ஒயரைக் கழற்றியதும் அவரைக் கூப்பிடச் சொன்னேன். “வாங்க நங்கையா. அன்னைக்கு நான் கேக்கலீங்க, தப்பு என்னுதுதான்” என்றேன். “நான் வந்து ஒரு மணி நேரமாச்சு, இப்பத்தான் வாங்கங்கறா” என்று முறைத்தபடியே என் தலையணையைச் சரி செய்தார்.

இந்த முறை கோடு சுத்தமாக விழுந்திருந்தது. அலை சோர்ந்துதான் இருந்தது. வயிறு சோர்ந்திருக்கிறது என்று கேட்டுச் சந்தோஷப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன். மறுபடி கத்தி வைக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து அரை டம்ளர் அரிசிக் கஞ்சி உள்ளே தங்கியது.

இப்போது எந்த வீட்டுக்குப் போய் யார் என்னை “வாங்க” என்று கேட்காவிட்டாலும் எனக்குக் கோபம் வருவதில்லை; பாவம், வாயைத் திறக்க முடியாதபடி அவர்களுக்கு என்ன கஷ்டமோ என்றுதான் தோன்றுகிறது.