அந்தோணியாரின் இடது கை

போன மாதம் எங்கள் கோயிலுக்குப் புதுச் சாயம் அடித்தார்கள். அந்தோணியார் சுரூபத்துக்கும் சேர்த்து அடித்துவிடச் சொல்லியிருந்தார் பங்குச் சாமியார். சாயம் அடிக்க வந்தவர் கூலிம்காரர். சுரூபத்தை மேசையில் கிடத்தி ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு வந்தவர், இடது கையில் உட்கார்ந்திருக்கும் சேசு பாலனுக்கு அடியில் கறுப்பாக ஏதோ சுற்றியிருப்பதைப் பார்த்துவிட்டார். நான் பீடத்துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். “என்னம்மா இது, சைக்கிள் டியூப்ப வச்சு ஒட்டியிருக்காங்க? சுரண்டிட்டு நல்ல பசையா போட்டுக் குடுக்கட்டா?” என்று கேட்டார். அது டியூப் இல்லை, ரப்பர் பால். துணிக்கீற்றை ரப்பர் பாலில் நனைத்து வரிந்து கட்டியது. கட்டியவள் நான்தான். எழுபதைத் தாண்டிய வயதில் ஒரு கதையை முதலிலிருந்து சொல்ல யாருக்குத் தெம்பு இருக்கிறது? “அது பாட்டுக்கு இருக்கட்டும் தம்பி, மேலாக அடிச்சு விடுங்க” என்று மட்டும் சொன்னேன்.

அந்தச் சுரூபம் முன்பு மலாயாவில், பாடாங் செராய்க்குப் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்தில் இருந்தது. தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்துக் கடைசியில் பலகைச் சுவரும் அத்தாப்பு ஓலைக் கூரையுமாக ஒரு சின்னக் கோயில். எங்கள் ஆட்கள் கப்பலேறி வந்தபோது கூடவே கொண்டுவந்த சுரூபம் என்பார்கள். உண்மையோ பொய்யோ, கேட்க இப்போது ஆள் இல்லை. தோட்டத்தில் வேதக்காரக் குடும்பங்கள் பத்துப் பன்னிரண்டுதான். ஆனால் செவ்வாய்க்கிழமை நவநாள் செபத்துக்கு அந்தப் பலகைக் கோயில் கொள்ளாது. செவ்வாய் மாரியம்மனுக்கும் உகந்த நாளாயிற்றே. காலையில் அம்மனுக்கு விளக்குப் போட்ட பெண்கள் சாயங்காலம் இங்கே வந்து மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். தாய் தகப்பன் இருவரையும் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு அத்தை வீட்டில் வளர்ந்தவள் நான். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. அவளுக்கு ஒரே மகன். அவரை நான் அத்தான் என்று கூப்பிடுவேன். எனக்கு அவர், அவருக்கு நான் என்பது சிறு வயதிலேயே பேசி முடித்த விஷயம். அதனால் அதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டதே இல்லை.

தொலைந்ததைத் தேடித் தருகிறவர் அந்தோணியார். எங்கள் ஆட்களிடம் இதையொட்டி ஒரு வழக்கம் உண்டு. மூக்குத்தியோ ஆடோ காணாமற்போனால் முதலில் கேட்டுப் பார்ப்பார்கள். அப்புறம் ஒன்பது செவ்வாய் நேர்ந்துகொள்வார்கள். அதற்கும் அவர் மசியவில்லையென்றால், அவர் கையிலிருக்கும் பாலனை எடுத்துப் போய் ஒளித்து வைத்துவிடுவார்கள். பிள்ளையைக் காணாத தவிப்பில் அவர் கேட்டதைக் கொடுத்துவிட்டுத் தன் பிள்ளையை மீட்டுக்கொள்வாராம். சாமியார்மாருக்குத் தெரிந்தால் பிரசங்கத்திலேயே ஏசுவார்கள், ஆகையால் எல்லாம் ரகசியம்தான். எங்கள் சுரூபம் மரத்தால் ஆனது. பாலன் தனிக்கட்டையில் செதுக்கி ஓர் ஆணியில் செருகி வைத்தது, ஒரு சாண்கூட இருக்காது. அத்தை ஏற்கெனவே ஒரு வெள்ளாட்டுக்காக ஒரு முறை தூக்கியிருக்கிறாள். ஆடு மூன்றாம் நாள் தானாக வந்து நின்றதாம். “அடியாத மாடு படியாதுடி, சாமின்னாலும் அப்படித்தான்” என்பாள். சொல்லிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வாள்.

ஜப்பான்காரன் வந்த மறு வருஷம் சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். ஒருநாள் காலை, ஆட்களை வரிசையில் நிறுத்தும் பெரட்டில் பெயரை வாசித்தார்கள், வாசித்து முடிப்பதற்குள் லாரி வந்து நின்றது. மூன்று மாதம்தான், அரிசி கிடைக்கும், சம்பளம் உண்டு என்றார் கங்காணி. வீட்டுக்குப் போய் மாற்றுத்துணி எடுத்துவரக்கூட விடவில்லை. அத்தை தன் கழுத்தில் கிடந்த அந்தோணியார் பதக்கத்தைக் கறுப்புக் கயிற்றோடு கழற்றி, லாரிப் பலகைக்கு மேலே எக்கி மகன் கையில் கொடுத்தாள். அத்தான் அதை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்து, “அம்மாவ ராத்திரியில தண்ணி தூக்க விடாத” என்றார். அவர் என்னிடம் சொன்ன கடைசிப் பேச்சு அதுதான். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று எத்தனையோ வருஷம் எனக்கு அவர்மேல் கோபம்.

மூன்று மாதம் போயிற்று, ஆறு மாதம் போயிற்று. கடிதம் இல்லை, ஆள் இல்லை. பினாங்கிலிருந்து சாமியார் வருவதும் நின்றுபோனது. அவருக்குப் பதிலாகக் கோயில் உபதேசியார்தான் செபம் சொல்லுவார். அரிசி என்ற பேச்சே மறந்து, காலையிலும் மரவள்ளிக்கிழங்கு, மாலையிலும் மரவள்ளிக்கிழங்கு என்று ஆனது. சாக்கைக் கிழித்துக் கட்டிக்கொண்டு வெட்கப்படக்கூடத் தெம்பில்லாமல் நடந்தோம். அத்தை ஒன்பது செவ்வாய் முடித்தாள், இன்னும் ஒன்பது முடித்தாள். அடுத்த செவ்வாய், நவநாள் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, பெருக்குகிற சாக்கில் பின்தங்கிப் பாலனை மடியில் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். “இந்தாரும், உம்ம பிள்ளை என்கிட்ட இருக்கு. என் பிள்ளை வந்தாத்தான் இது வரும்” என்று அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டு வந்தாளாம். கிழங்கு மாவுத் தகரத்துக்குள் பாலனைப் பதித்து மூடிவைத்தாள்.

மறு வாரம் வெறுங்கையோடு நின்ற அந்தோணியாரைப் பார்த்து உபதேசியார் பதறிப்போனார். எடுத்தவன் கை அழுகிவிடும் என்றார். முதல் வரிசையில் அத்தை கண்ணை மூடிக்கொண்டு எல்லோரையும்விட உரத்துப் பாட்டுப் பாடினாள். பெண்களில் பாதிப் பேருக்கு விஷயம் தெரியும். அவர்கள் வீட்டு ஆண்களும் சயாமில்தானே? அதனால் யாரும் வாய் திறக்கவில்லை. மாவு எடுக்கத் தகரத்தைத் திறக்கும்போதெல்லாம் அத்தை பாலனோடு பேசுவாள். “பசிக்குதா? எங்களுக்கும்தான் பசிக்குது. அவர்கிட்டச் சொல்லு, சீக்கிரம் அனுப்பச் சொல்லு.” உடம்பு ஓய்ந்து, காலில் புரைப்புண் வைத்து, சுவரைப் பிடித்து நடக்கிற நிலையிலும் தகரத்தைத் திறக்கும்போது மட்டும் அவள் குரல் திடமாக இருக்கும். அவளை உயிரோடு வைத்திருந்தது அந்தப் பாலன்தான்.

ஒரு வருஷம் இப்படிப் போன பிறகு மூன்றாம் லயத்து அண்ணன் வந்து சேர்ந்தார். அத்தானோடு ஒரே லாரியில் போனவர். காட்டிலிருந்து ஓடி, சரக்கு ரயிலில் ஒளிந்து, நடந்து, எப்படியோ வந்திருக்கிறார். எலும்பும் தோலும்தான், ஒரு காலில் முழங்கால்வரை புண். தோட்டத்து ஆஸ்பத்திரியில் போட்டிருந்தார்கள். அவருக்கு வேறு ஆள் இல்லாததால் நான் கிழங்குக் கஞ்சி கொண்டு போனேன். கஞ்சியைக் குடித்துவிட்டு, இடுப்பு முடிச்சை அவிழ்த்துக் கறுப்புக் கயிற்றை எடுத்து என் கையில் வைத்தார். பதக்கம் அதிலேயே கிடந்தது. “பேதிதான் தங்கச்சி. ரெண்டு நாளு. நான்தான் தூக்கிட்டுப் போயிப் படுக்க வச்சேன். ஆத்தாகிட்ட நீயே சொல்லிடும்மா, என்னால முடியாது” என்றார்.

நான் அழவில்லை. அழுதால் முகம் வீங்கும், வீங்கினால் அத்தை கேட்பாள். அந்தக் கட்டிலோரம் உட்கார்ந்திருந்த கொஞ்ச நேரத்தில் என் வாழ்க்கையில் மிகப் பெரிய முடிவை எடுத்தேன். பதினெட்டு வயதுக் கழுதைக்கு முடிவெடுக்க என்ன தெரியும்? அத்தை மேல் இரக்கப்பட்டுத்தான் செய்தேன் என்று வெகுகாலம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதிதான். மீதிப் பாதி பயம். அவளும் போய்விட்டால் இந்த உலகத்தில் எனக்கு என்று ஒருத்தரும் இல்லை. “அண்ணே, அத்தை வந்து கேப்பாங்க. உயிரோட இருக்காருன்னு சொல்லிடுங்க” என்றேன். அவர் என்னை வெறித்துப் பார்த்தார். “பாவம்மா” என்றார். யாரைச் சொன்னார், எதைச் சொன்னார் என்று தெரியவில்லை. ஆனால் அன்று பிற்பகல் அத்தை தட்டுத்தடுமாறி வந்து அவர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, “நல்லா இருக்கான் ஆத்தா. மேல் கேம்புக்கு மாத்திட்டாங்க. வந்துடுவான்” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. அத்தை நேராக வீட்டுக்கு வந்து தகரத்தைத் திறந்தாள். பாலனை எடுத்துக் குளிப்பாட்டினாள், தன் சேலைக் கிழிசலால் ஈரம் ஒற்றினாள். “அந்தோணியாரே, உம்ம பிள்ளைய இத்தனை நாளு மாவுக்குள்ள போட்டு வச்சேனே” என்று சிரித்துக்கொண்டே அழுதாள். “அத்தை, அத்தான் வந்து சேரட்டும், அப்புறம் குடுக்கலாம்” என்றேன். “அடி போடி, உயிரு இருக்குன்னு காட்டிட்டாரு, இன்னும் என்ன? நாம நாணயமா நடந்தாத்தான் அவரும் நடப்பாரு” என்றாள். கோயிலுக்குப் போனால் ஆணி துருப்பிடித்து ஒடிந்திருந்தது, பாலன் நிற்கவில்லை. ஒட்டுவதற்கு ரப்பர் பால் கொண்டுவர என்னைத்தான் அனுப்பினாள். பால் வெட்டாமல் விட்டுக் கிடந்த ரப்பர் மரத்தில் உளியைப் போட்டு, மங்குக் கிண்ணத்தில் பால் பிடித்து வந்தேன். துணிக்கீற்றை நனைத்து நனைத்துப் பாலனை அந்த இடது கையோடு சேர்த்துக் கட்டினேன். அத்தை கீழே முழங்காலில் நின்றுகொண்டு, “கெட்டியாக் கட்டுடி, இனிமே யாரும் எடுக்கக் கூடாது” என்றாள். கெட்டியாகத்தான் கட்டினேன்.

சண்டை முடிந்தது. சயாமிலிருந்து பிழைத்தவர்கள் இரண்டு மூன்று பேராக வந்தார்கள், அத்தான் இருந்த கேம்பிலிருந்து யாரும் இல்லை. பெரிய சாலையில் லாரி நின்றால் அத்தை போய் நிற்பாள். கடைசி லாரி வந்து போய், இனி யாரும் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகும் ஒரு வருஷம் நின்றாள். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை நவநாளுக்கு மணி அடித்தபோது அவள் எழுந்திருக்கவில்லை. “நான் அவரு பிள்ளையக் குடுத்தேன். வாங்கிக்கிட்டாரு. என் பிள்ளையக் குடுக்கல. ஏமாத்திட்டாருடி” என்றாள். அன்றோடு சரி. கோயில் வழியாகப் போனால் முந்தானையை இழுத்து அந்தப் பக்கத்துக் கன்னத்தை மறைத்துக்கொண்டு நடப்பாள். பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, நற்கருணை நன்மை வாங்குவது இல்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அதை நான் வீட்டுக்குள்ளேயே வைத்து வளர்த்தேன். எனக்கு வேறு மாப்பிள்ளை பார்த்ததும் அத்தைதான். “அவன் வந்து கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன், நீ கட்டிக்கோ” என்றாள். பதக்கம் என் தலையணைக்குள் தைத்துக் கிடந்தது. அதன்மேல் தலை வைத்துத்தான் குடும்பம் நடத்தினேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கலாம். முதல் வருஷம் பயம், பிறகு வெட்கம், அப்புறம் வெறும் அலுப்பு. ஒரு சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். இரக்கத்தில் சொன்ன பொய்தானே என்று மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். மூன்று! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தோணியாரிடம் மட்டும் வாய் வரவில்லை. செவ்வாய் தவறாமல் போவேன், எதிரில் நிற்பேன், என் கட்டு அசைகிறதா என்று பார்ப்பேன், வந்துவிடுவேன்.

இருபது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு அத்தை படுக்கையில் விழுந்தாள். சாகுமுன் கொடுக்கும் அவஸ்தைப் பூசுதலுக்குச் சாமியாரை அழைத்து வந்தோம். அத்தை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். “அவரு வீட்டு ஆளு எனக்கு வேணாம், போகச் சொல்லு.” சாமியார் சங்கடத்தோடு வாசலுக்குப் போய்விட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மகனைத்தான் சாவு கொண்டுபோனது, அவளுடைய சாமியைப் பறித்தது நான். அந்தப் பகையோடேயே அவள் சாகப் போகிறாள். தலையணையைப் பிரித்துப் பதக்கத்தை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அத்தான் செத்தது, அண்ணனைப் பொய் சொல்ல வைத்தது, ரப்பர் பால் பிடித்து வந்தது, எல்லாம்.

அத்தை கயிற்றைத் தடவித் தடவிப் பார்த்தாள். “தண்ணி குடுத்தாங்களாமா?” என்று கேட்டாள். அண்ணன் கூடவே இருந்தார், கொடுத்திருப்பார் என்றேன். அவள் என்னை அடித்திருந்தால் நன்றாயிருக்கும். பிறகு, கூரையைப் பார்த்துக்கொண்டு, யாரிடமோ விசாரிப்பது போலக் கேட்டாள்.

“அப்ப… அவரு என்னை ஏமாத்தலையா?”

“இல்ல அத்தை. நான்தான்.”

அவள் முகம் தளர்ந்ததை நான் பார்த்தேன். மகன் செத்த சேதி கேட்ட தாயின் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அதைப் பார்க்க வேண்டியிருந்தது பாருங்கள், அதுதான் எனக்குத் தண்டனை. “சாமியாரக் கூப்பிடு” என்றாள். நான் எழுந்தபோது என் கையைப் பிடித்து, “உன்னை என்ன சொல்றதுன்னு தெரியலடி. எனக்கு அசதியா இருக்கு. நீ போயி அவருகிட்டச் சொல்லு. இத்தனை வருசம் நான் திட்டுனதையெல்லாம் மனசுல வச்சுக்க வேணாம்னு சொல்லு” என்றாள். மறுநாள் காலை போய்விட்டாள். பதக்கத்தை அவள் கழுத்திலேயே போட்டு அனுப்பினோம்.

தோட்டம் போய், செம்பனை வந்து, செம்பனையும் போய், இப்போது அங்கே தொழிற்சாலை. லயம் இருந்த இடத்தில் கம்பெனி பஸ்கள் நிற்கின்றன. சுரூபத்தை மட்டும் ஊர்க்கோயிலுக்குக் கொண்டுவந்து ஓரமாக நிறுத்தினார்கள். சாயக்காரர் அழகாகத்தான் அடித்திருக்கிறார். அங்கி மண்ணிறம், பாலனுக்கு வெள்ளை. கறுப்புத் தெரியவே இல்லை. இந்தச் செவ்வாயும் போனேன். அத்தை சொல்லச் சொன்னதை வழக்கம்போலச் சொன்னேன். எனக்காக எதுவும் கேட்கவில்லை. தொலைந்ததைத் தேடித் தருபவரிடம், நானே ஒளித்து வைத்ததற்கு என்னவென்று கேட்பது? யாரும் இல்லாத நேரம் பார்த்து, விரலால் பாலனை லேசாக அசைத்துப் பார்த்தேன். அசையவில்லை. கெட்டியாகத்தான் கட்டியிருக்கிறேன்.