வாப்பாவின் காதுக்கு மச்சி பூட்டிய ஸ்பீக்கர்

ஈயக்கம்பி உருகும்போது எழும் புகைக்குத் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும் ஒரு கசந்த மணம் உண்டு. எங்கள் கிண்ணியா வீட்டுக் குசினியில் மீன் பொரியும் வாசத்தோடு அந்த மணமும் கலந்து வந்த ஒரு வெள்ளிக்கிழமைக் காலை, எனக்குப் பத்து வயதாக இருந்த அந்த வருடத்தில் நடந்த வேறெதையும் விடத் தெளிவாக என் நினைவில் நிற்கிறது. மேசையில் குனிந்து வயர் பற்றவைத்துக்கொண்டிருந்தவர் என் மூத்த சகோதரனின் மனைவி. சகோதரனை ‘நானா’ என்றும் அவரை ‘மச்சி’ என்றும் அழைப்பேன்; தகப்பனும் தாயும் எனக்கு வாப்பா, உம்மா. மச்சி புல்மோட்டைக்காரி, அவருடைய தகப்பன் கல்யாண வீடுகளுக்கு ஒலிபெருக்கி கட்டும் ‘சவுண்ட் சேர்விஸ்’ நடத்தியவர். எந்த வயர் எங்கே போக வேண்டும் என்பது மச்சிக்குச் சின்ன வயதிலேயே கைவந்திருந்தது.

நானா கத்தாரில் கட்டட வேலையில் இருந்தார். வெள்ளிதோறும் ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் கணினியில் முகம் பார்த்துப் பேசுவார். வாப்பா துறைமுகத்தில் கப்பல்களின் துருவைச் சுத்தியலால் தட்டிக் கழற்றும் வேலையில் காலம் கழித்தவர். அந்தச் சத்தம் அவருடைய காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. ஆனால் அதை வீட்டில் எவரும் வாய்விட்டுச் சொல்ல ஏலாது. “எனக்கு நல்லாக் கேக்குது, நீங்கதான் வாய்க்குள்ள கதைக்கிறீங்க” என்று கோபிப்பார்.

உம்மாவும் மச்சியும் மூதூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நாளில் நானாவின் அழைப்பு வந்தது. வாப்பாவும் நானும் மட்டும் இருந்தோம். கணினியோடு வந்த சின்ன ஸ்பீக்கரில் நானாவின் குரல் கொசு ரீங்காரம்போல் ஒலித்தது.

“வாப்பா, இங்க இனி இரிக்க ஏலாது. வெயிலுக்க நிண்டு நிண்டு உடம்பு போயிட்டு. நான் ஊருக்கு வந்திரட்டா?”

வாப்பா வழக்கம்போல் சிரித்தார். “நல்லம் மகன், அப்படியே இரிங்க. அல்லாஹ் பார்த்துக்குவான்.”

நானாவின் முகம் அப்படியே நின்றுபோனது. “சரி வாப்பா” என்றார்; திரை அணைந்தது. அதன் பிறகு இரண்டு வெள்ளிகள் அழைப்பே வரவில்லை. வாப்பா வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்றே நானும் நினைத்து, யாரிடமும் மூச்சுவிடாமல் திரிந்தேன். மூன்றாம் கிழமை, தாங்க முடியாமல் மச்சியிடம் சொல்லி அழுதேன்.

“மாமாவுக்குக் கேக்கல்ல றிபா. அவர் சும்மா தலையாட்டியிருக்கார்” என்றார் மச்சி. நானாவுக்கு அதை எழுதி அனுப்பினார். நானா நம்பவில்லை, வாப்பா சொன்னால்தான் வருவேன் என்று பதில் வந்தது. வாப்பாவிடம் நாங்களே சொல்லிவிடுவோமே என்றேன். “நாம சொன்னா அது நம்மட கதை. மகன்ட வாயால அவர் கேக்கணும்” என்றார் மச்சி.

மறுநாள் நல்ல ஸ்பீக்கர் தேடி, பாலம் கடந்து பஸ்ஸில் திருகோணமலைக்குப் போனோம். கடைக்காரர் நீல வெளிச்சம் மின்னும் ஒரு பெரிய பெட்டியைப் போட்டுக் காட்டி, “பேஸ் நெஞ்சில வந்து அடிக்கும்” என்றார். “பாட்டு வேணாம் தம்பி, ஆராவது கதைக்கிறதைப் போடுங்க” என்று மச்சி கண்ணை மூடிக் கேட்டார். “ஆள் கிணத்துக்குள்ள நிண்டு கதைக்கிற மாதிரி இரிக்கு.” கடைசியில் பழைய ஜப்பான் சாமான் விற்கும் கடையொன்றின் மூலையில், முன்துணி கிழிந்த இரண்டு சின்ன மரப்பெட்டி ஸ்பீக்கர்களைக் கண்டெடுத்தார். மின்னுகிற பெட்டியை விட மலிவு. குரலோ பக்கத்தில் இருந்து பேசுவதுபோல் இருந்தது.

அந்த வெள்ளிக் காலையில் மச்சி செய்தவற்றை இன்று நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது. ஒலியைப் பெருக்கும் சின்னப் பலகையை பிஸ்கட் டின் ஒன்றுக்குள் பொருத்தி, அதிலிருந்து வந்த ‘ம்ம்ம்’ என்ற இரைச்சலை அடக்கினார். பெட்டிகளைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, வாப்பா கதிரையில் உட்கார்ந்தால் காது வரும் உயரத்தில், அவர் முகத்தைப் பார்த்தபடி திருப்பி வைத்தார். வெறும் சீமெந்துச் சுவர் எதிரொலிக்கிறது என்று உம்மாவின் தடித்த போர்வையை அதில் தொங்கவிட்டார். என்னை வாப்பாவின் கதிரையில் இருத்தி, செய்தி வாசிக்கும் குரலொன்றை ஓடவிட்டு, குரல் சரியாகத் திரையின் நடுவிலிருந்து வருகிறது என்று நான் சொல்லும்வரை பெட்டிகளை விரல் அளவு விரல் அளவாக நகர்த்தினார்.

“என்னத்துக்கு மகள் இவ்வளவும்?” என்று வாப்பா முகம் சுளித்தார்.

“எனக்குக் காது கொஞ்சம் சரியில்ல மாமா. அவர் கதைக்கிறது விளங்குதில்ல” என்றார் மச்சி, கண் இமைக்காமல்.

ஜும்ஆ முடிந்து, உம்மாவும் வந்து எங்களோடு திரைக்கு முன் அமர்ந்தார். மச்சி கெஞ்சிக் கேட்டிருந்ததால் நானா அழைத்தார். “அஸ்ஸலாமு அலைக்கும், வாப்பா.”

வாப்பா திடுக்கிட்டு இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகுதான் பதில் சலாம் சொன்னார்.

“மகன், உங்கட குரல் ஏன் இப்படி அடைச்சிரிக்கு?”

“ஒண்டுமில்ல வாப்பா. தூசி.”

வாப்பா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். எங்கள் மூவரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு திரையை நோக்கி, “அண்டைக்கு நீங்க சொன்னது எனக்குக் கேக்கல்ல மகன். கொஞ்ச காலமாவே ஒண்டும் சரியாக் கேக்கிறல்ல. வெட்கத்தில சிரிச்சுச் சமாளிச்சன். திருப்பிச் சொல்லுங்க” என்றார்.

நானா சொன்னார். சொல்லி முடிக்கும் முன்பே வாப்பா எழுந்துவிட்டார். “வாங்க மகன். இதையும் கேக்கணுமா? எப்ப வாறீங்க?” உம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். மச்சி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எந்தத் திருகியும் திருப்ப வேண்டியில்லாத அந்த பிஸ்கட் டின்னை வெகுநேரம் சரிசெய்துகொண்டிருந்தார்.

நானா வந்தார், ஊரிலேயே படகு எஞ்சின் திருத்தும் தொழிலில் நிலைத்துவிட்டார். வாப்பா மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்டார். ஸ்பீக்கர்களின் ரப்பர் உக்கிப்போய், பழைய இரும்புக்காரரோடு அவையும் போய்விட்டன. இப்போது வீட்டில் ஆளுக்கொரு கைபேசி. வெளிநாட்டிலிருந்து வரும் குரல் ஒருவர் காதுக்குள் போய் அங்கேயே முடிந்துவிடுகிறது. ஒரு குரலைக் கேட்க ஒரு குடும்பமே உடுத்திக்கொண்டு வந்து அமர்ந்த அந்த வெள்ளி மதியங்கள் எந்த வீட்டிலும் இல்லை.

போன மாதம், திருகோணமலையில் நான் தங்கியிருக்கும் அறைக்கு ஸ்பீக்கர் வாங்க நினைத்து, எதை எடுக்கலாம் என்று மச்சியைக் கேட்டேன்.

“ஆரெல்லாம் இருந்து கேக்கப் போறீங்க?”

“நான் மட்டும்தான் மச்சி.”

“அப்ப இயர்போன் ஒண்டு வாங்குங்க றிபா. ஒரு ஆளுக்கு அது காணும்.”