பெயிண்ட் அடித்த நிலைக்கால்

பக்கத்து வீட்டுக்காரர் பழைய ஜன்னலை உடைத்து அடுப்பில் வைக்கிறார். பெயிண்ட் கருகும் நாற்றம் வருகிறது. எனக்கு அது ஆகாது. ஏனென்று சொல்ல, கோட்டைவரை போக வேண்டும்.

கோட்டை என்று எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சொன்னது, நோர்வூட் பக்கம் மலை விளிம்பில் இருந்த பழைய துரை பங்களாவை. மண்சரிவில் பாதி பள்ளத்துக்குள் போனதும் துரைமார் கைவிட்டார்கள். தாத்தா அங்கே சமையல்காரர். அப்பா பிறந்ததே அந்தக் குசினி அறையில்தான்.

பிரஜாவுரிமைக்கு மனுப்போட்ட காலம். இந்தத் தீவிலேயே பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். பிறந்த மனிதன் எதிரே நின்றது போதவில்லை. அப்பாவிடம் ஒரு கடதாசியும் கிடையாது. ஆனால் துரைசாணி தன் பிள்ளைகளின் உயரத்தைக் குசினி நிலைக்காலில் கீறும்போது அப்பாவையும் நிறுத்திக் கீறி, பெயரும் வருசமும் போட்டாளாம். அதை அறுத்து ஆபீசுக்குக் கொண்டுபோவது அவர் திட்டம். சிரிக்காதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாளோடு ஏறினோம். எனக்கு இருபது வயது. கிழமை முழுக்கக் கொழுந்துக் கூடை சுமந்த உடம்பு, லீவு நாளிலும் மலை ஏறியது.

"வெள்ளக்காரன் ஏம்ப்பா இம்புட்டு ஓரத்துல கட்டுனான்?"

"மேல இருந்து நம்மள எண்ணுறதுக்குத்தான்."

கீழே பனிமூட்டம் பரந்து கிடந்தது. "கடலு இப்பிடித்தான் இருக்குமாம் புள்ள" என்றார். கடலைப் பார்த்ததே இல்லை அவர். அவரைத்தான் கடல் தாண்டி வந்தவன் என்றார்கள்.

குசினி வாசலில் நிலை இல்லை. பெயர்த்த பள்ளம்தான் இருந்தது.

"எந்த நாசமாப் போறவன் புடுங்குனான்?"

நான் வாளைக் கீழே வைத்தேன். போன மழைக்கு விறகில்லாமல் அதைப் பெயர்த்துக் கோடரியால் பிளந்தது நான்தான். அதிலிருந்த இங்கிலீசு எழுத்து எனக்கு வெறும் கீறல். அடுப்பில் பெயிண்ட் கருகி, நாங்கள் இருந்த லயத்து வரிசை வீடெல்லாம் நாறியது. "என்னா வெறகு புள்ள, இப்பிடி நாறுது?" என்று கேட்டுக்கொண்டே அப்பாவும் அதில் குளிர்காய்ந்தார்.

மரத்தைக் காட்டியிருந்தாலும் அந்த ஆபீசில் சிரித்துத்தான் துரத்தியிருப்பார்கள். ஆயிரம் தரம் எனக்கே இதைச் சொல்லிவிட்டேன். அலுத்துவிட்டது. மனு தள்ளுபடியானது. புருசன் வழியில் எனக்கு இங்கே இருக்க முடிந்தது. அப்பாவைக் கப்பல் ஏற்றினார்கள். அன்றைக்குத்தான் கடலைப் பார்த்தார்.

இந்தியாவிலிருந்து யாரையாவது பிடித்துக் கடிதம் எழுதுவார். முடிவில் எப்போதும் ஒரே கேள்வி: "அந்த நெல எங்கயாச்சும் ஆம்புட்டுச்சா?" தேடிக்கொண்டிருக்கிறேன் என்றே கடைசிவரை பதில் போட்டேன்.

இப்போது கோட்டையின் மிச்சச் சுவரும் பள்ளத்தில். கேட்கிற ஆளும் இல்லை.