சித்தப்பாவின் மூக்கு

பாத்திரத்தின் மேல் குனிந்து, கண்ணை மூடி, சித்தப்பா ஆழமாக ஒரு மூச்சு இழுப்பார். பிறகு "போதும்" என்பார். அதற்கு மேல் உப்போ எலுமிச்சையோ ஒரு துளி விழாது. எங்கள் வீட்டு விசேஷச் சமையலை மாதா கோயில் உபதேசியார் வந்து செபம் சொல்லி முடிக்கும்வரை யாரும் நாவில் வைக்கக் கூடாது, சமைப்பவருக்கும் விலக்கில்லை. அதனால் ருசி பார்ப்பதும் அவருக்கு மூக்குதான்.

அவர் வெளிநாட்டுக் கப்பல்களில் சமையல்காரர். ஊருக்கு வரும்போதெல்லாம் புதிதாக ஒரு சாஸோ சாலட்டோ கற்றுக்கொண்டு வருவார். சுட்ட சீலா மீனுக்குத் தக்காளியும் பூண்டும் வதக்கி அரைத்தது ஒன்று. வேகவைத்த கணவாய், இறால், வெள்ளரிக்காய், வெங்காயம் எல்லாவற்றையும் தேங்காய்ப்பால், எலுமிச்சைச் சாறு, கடுகுத்தூள் கலவையில் புரட்டிவைக்கும் சாலட் இன்னொன்று. அதற்கு நாங்கள் வைத்த பெயர் கப்பல் பச்சடி. அது இல்லாமல் எங்கள் சொந்தத்தில் ஒரு நிச்சயதார்த்தம் நடந்ததில்லை. எனக்கும் அதில் கொஞ்சம் கர்வம் உண்டு.

ஒருமுறை விடுப்பில் வந்தவரைக் காய்ச்சல் படுக்கப் போட்டுவிட்டது. எழுந்து நடமாடத் தொடங்கியதும் அவர் மகளுக்கே நிச்சயம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் வேம்பாரிலிருந்து புறப்பட்டுவிட்டார்கள். கொல்லையில் நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். சித்தப்பா குனிந்தார், மூச்சிழுத்தார், "போதும்" வரவில்லை. மறுபடியும் குனிந்தார். வேகவைத்த இறாலைக் கணவாயோடு கொட்டுவதற்காக அவர் சட்டியைத் தூக்கியபோது குப்பென்று ஒரு கெட்ட வாடை அடித்தது.

"சித்தப்பா, இறால் நாறுதே."

"இறால் நாறாம மல்லியப்பூவா மணக்கும்? வேலையப் பாருளா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சட்டியைப் பிடித்த கை அப்படியே நின்றது. எழுந்து பக்கத்தில் போனேன்.

"காய்ச்சலோட போச்சு" என்றார் மெதுவாக. "கருவாடும் ஊதுவத்தியும் எனக்கு ஒண்ணுபோலதான் இருக்கு. நாக்கும் மரத்துப்போச்சு. சித்திட்ட சொல்லிராத. கம்பெனிக்குத் தெரிஞ்சா கப்பல்ல ஏத்த மாட்டான்."

இறாலைக் கோழிக்குக்கூடப் போடாமல் குழி தோண்டிப் புதைத்தேன். செபத்துக்கு முன்னால் விரலை விட்டு பச்சடியின் தேங்காய்ப்பால் கலவையை நக்கிப் பார்த்தேன்; எங்கள் வீட்டில் யாரும் செய்யாத காரியம். "உப்பு பத்தாது" என்றேன். போட்டார். மாப்பிள்ளையின் அம்மா பச்சடியை மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கணவாயை நானே முகர்ந்து பார்த்துத்தான் விட்டிருந்தேன்; ஆனாலும் பந்தியில் யாராவது வயிற்றைத் தடவினால் எனக்கு உயிர் போய்த் திரும்பியது.

அவர் கப்பல் ஏறுவதற்கு முன் எவ்வளவோ கெஞ்சினேன். "அங்கன ஃப்ரீசர் இருக்கு, ஒண்ணும் ஆவாது" என்று போய்விட்டார். வெளியே சொன்னால் அவர் பிழைப்பு போகும். சொல்லாவிட்டால் யார் வயிற்றுக்கு என்ன வருமோ என்ற பயம். இன்றுவரை நான் யாரிடமும் சொல்லவில்லை.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்கு அலுவலகத்தில் இப்போது எனக்கு வேலை. மத்தியான நேரத்தில் வீடியோவில் சித்தப்பா கூப்பிடுவார். கைபேசிக்கு நேராக இறாலைக் கொண்டுவந்து, "பாரு, நிறம் மாறியிருக்கா?" என்பார். நிறம் தெரியும், வாடைக்கு நான் எங்கே போவேன்? அவருக்குப் பின்னால் கப்பல்காரர்கள் தட்டோடு காத்திருப்பார்கள். "தூக்கிப் போட்டிருங்க" என்பேன். மறுநாள் மீனைக் காட்டுவார், தூக்கிப் போட்டிருங்க. கணவாயா? அதையும்தான்.

ஒருநாள் சலித்துக்கொண்டார். "எதக் காட்டுனாலும் வேண்டாம்னே சொல்லுத. ஒங்கிட்டப் போய்க் கேக்கேன் பாரு."

அதற்குப் பிறகும் கூப்பிடுகிறார். ஊரில் மழை உண்டா, மகள் வந்தாளா, சித்தி மாத்திரை சாப்பிடுகிறாளா என்று எல்லாம் விசாரிக்கிறார். அன்றைக்கு என்ன சமையல் என்று கேட்டால், "எல்லாரும் சாப்ட்டாச்சு" என்கிறார். சட்டியை மட்டும் காட்டுவதில்லை.