கறுத்த மணலில் வெள்ளைப் பெயின்ட்

பூவார்க் கடற்கரையில் உச்சிவெயிலில் கறுத்த மணலை மிதித்தால் உள்ளங்கால் பொரிந்துவிடும். தொண்ணூறுகளில், எட்டாம் வகுப்பில் படித்தபோது, அந்த மணலைத்தான் சாக்குப்பையில் அள்ளிக்கொண்டு, கண்டக்டர் திட்டத் திட்ட, பாறசாலையில் இருந்த வீட்டுக்கு பஸ் ஏறினேன்.

எல்லாம் எங்கள் அறிவியல் டீச்சரால் வந்தது. அந்த மணலில் ரூட்டைல் என்றொரு கனிமம் உண்டு, விமானத்துக்கான டைட்டானியமும் வெல்டிங் கம்பியின் மேற்பூச்சும் வெள்ளைப் பெயின்ட்டும் அதிலிருந்துதான், காந்தம் அதைப் பிடிக்காது என்றெல்லாம் சொன்னவர், மணல் பெயின்ட் ஆவதற்கு இடையில் என்ன செய்யவேண்டும் என்பதைச் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது.

வீட்டிலோ ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அக்காவுக்குப் "பெண்ணு காணல்"; மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளையின் போட்டோவைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்கினாள் அக்கா. முன்கதவு மழையில் வெளிறிப் பல்லிளித்தது. பெயின்ட் வாங்க வழியில்லை.

மணலைத் தேங்காய்ச் சிரட்டையில் அலசி, கனத்துத் தங்கியதைப் பழைய ஸ்பீக்கர் காந்தத்தால் துழாவி, ஒட்டாததை அம்மியில் அரைத்தேன். செம்பழுப்பானதே தவிர வெளுக்கவில்லை.

"மீங்கறியில மண்ணாக்கும் கடிக்கது! அம்மியக் கெடுத்துப்போட்டியே மக்கா!" என்று அம்மா கத்தினாள்.

சுண்ணாம்பும் அடிக்கும்போது மங்கலாக இருந்து காய்ந்தபிறகுதானே வெளுக்கிறது! அந்த நம்பிக்கையில், ஆசாரி விட்டுப்போன ஆளிவிதை எண்ணெயில் குழைத்து, சனிக்கிழமை கதவு முழுக்கப் பூசினேன்.

"எட்டி, இதாக்குமா ஒனக்க வெள்ளை?"

"காயட்டும்க்கா."

"எப்போ, எனக்க பேரப்பிள்ளைக்க காலத்திலயா?"

காயவில்லை. புதுப் பாலராமபுரம் புடவையில் வந்த மாப்பிள்ளையின் அம்மா, செருப்பைக் கழற்றக் கதவில் சாய்ந்தார். வெள்ளைப் புடவையில் தோள் முதல் இடுப்புவரை செம்பழுப்பு அப்பிக்கொண்டது.

"அய்யோ, எனக்க துணி! கதவுக்குச் சொறியா பிடிச்சிருக்கு?"

உள்ளே அக்கா அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டாள். வெளியே மாப்பிள்ளையும் சிரித்தார். அவர் அம்மாவுக்கு இரண்டும் கேட்டன.

"ஆலோசிச்சு சொல்லி விடுதோம்" என்று போனவர்கள், சொல்லி விடவே இல்லை.

பற்பசை, மாத்திரை, முகப்பூச்சு என்று எதையெதையோ வெளுக்கவைப்பது அந்த மணல்தான் என்று இப்போது படிக்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. அதற்கு ஆலையும் அமிலமும் உலையும் வேண்டுமாம். அதைச் சொல்ல டீச்சருக்கு ஒரு நிமிடம் போதாதா? பூவாரில் இன்று சுற்றுலாப் படகுகள். நான் மணல் அள்ளிய இடம் எதுவென்றே தெரியவில்லை. அக்காவும் வேறிடத்தில் வாழ்க்கைப்பட்டு நன்றாகவே இருக்கிறாள். ஆனால் அந்த மாப்பிள்ளை சிரித்ததைப் பற்றி நான் பேச்செடுத்தால் மட்டும், அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லி எழுந்துபோய்விடுகிறாள்.