வளருது எண்டார் கிறிஸ்துநாயகம்

ஸ்ரெபானி வரப்போகிறாள் என்று தெரிந்த அன்று காலையில் கிறிஸ்துநாயகம் முதலில் செய்த வேலை, மூலையில் கிடந்த கொம்பிரசரை ஓடவிட்டதுதான். அதற்கு அன்று ஒரு வேலையும் இல்லை. பட்டறைக்குள் சத்தம் கேட்க வேண்டும், அவ்வளவுதான். பிறகு ஈரத்துணியை எடுத்து, சுவரோரம் அடுக்கிக் கிடந்த பெட்டிகளின் தூசியைத் துடைத்தார். மாதக்கணக்காக வாங்க ஆளில்லாமல் கிடந்த பெட்டிகள், துடைத்தவுடன் நாளைக்கே லொறி ஏறப் போகிறவை மாதிரி நின்றன.

அந்தப் பெட்டிகளுக்குள் இருந்தது அவருடைய வாழ்க்கை. மன்னாரிலிருந்து வந்து, ஹோர்சன்ஸ் என்ற டெனிஸ் நகரத்தில் ஓர் உலோகத் தொழிற்சாலையில் குழாய் வளைக்கிற இயந்திரத்தோடு வருடக்கணக்காக நின்றவர் அவர். மனைவி மேரிசெலினுக்கு வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பராமரிக்கிற வேலை. தினமும் காலையில் அவர்களுடைய வீங்கிய கால்களுக்கு இறுக்கமான மருத்துவக் காலுறை இழுத்து இழுத்து, அவளுடைய இரண்டு மணிக்கட்டும் போய்விட்டன. தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்க முடியாமல் அவள் மேசையில் வைத்த ஒரு நாள், கிறிஸ்துநாயகம் மெல்லிய இரும்புக் கம்பியில் ஒரு சட்டம் வளைத்தார். காலுறையை அதில் விரித்து மாட்டிவிட்டுக் காலை உள்ளே விட்டால் போதும், கைபிடியைத் தூக்க அது தானாக ஏறிவிடும்.

மேரிசெலின் வேலைக்குக் கொண்டுபோனாள். கூட வேலை செய்தவர்கள் எல்லாரும் தங்களுக்கும் ஒன்று கேட்டார்கள். பிறகு அவளுக்கு வேலை கொடுத்த நகரசபையான கொம்யூன் கேட்டது, பக்கத்துக் கொம்யூன்கள் கேட்டன. அவர் தொழிற்சாலையை விட்டு, ரயில் பாதைக்கு அப்பால் ஒரு பட்டறையை வாடகைக்கு எடுத்து, கிம் என்ற டெனிஸ்காரனை வேலைக்கும் வைத்தார். தொழிற்சாலையில் பக்கத்து இயந்திரத்தில் நின்ற அல்பேட், அன்றிலிருந்து அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

“முதலாளி வாறார், வழி விடுங்கோ!” ஞாயிறு பூசை முடிந்து மண்டபத்தில் கோப்பி குடிக்கும்போது, எல்லாருக்கும் கேட்கத்தான் கத்துவான். “எப்பிடி முதலாளி, காலுறை ஓடுதோ?”

“ஓடுது, ஓடுது. நீயும் வந்து சேரன், கூட்டுறதுக்கு ஆள் தேவை.”

அதில் பாதி பொறாமை, பாதி பாசம். கிறிஸ்துநாயகத்துக்கு இரண்டுமே பிடித்திருந்தது.

பிறகுதான் அதே வேலையைச் செய்கிற பிளாஸ்டிக் சட்டம் வந்தது. எங்கோ ஒரு பெரிய கம்பனி செய்தது. மடித்துச் சட்டைப் பைக்குள் வைக்கலாம். பராமரிப்பு வேலைக்காரர் சைக்கிளில் வீடு வீடாகத் திரிகிறவர்கள். இவருடைய சட்டத்தை மடிக்க முடியாது, பாரமும் கூட. மேரிசெலினே ஒரு நாள் சொன்னாள்: “கோவிக்காதேங்கோ. நான் அதை இப்ப ஒஃபிசிலேயே விட்டுட்டுத்தான் போறன்.”

அவர் கோபப்படவில்லை. மடிக்கிற சட்டம் ஒன்று செய்ய இறங்கினார். எல்லாம் சரியாக வந்தது, நடுமூட்டைத் தவிர. பாரம் ஏறியதும் அந்த மூட்டு நழுவி விரலைக் கடித்தது. மாற்றிச் செய்தார், கடித்தது. திரும்பவும் செய்தார், திரும்பவும் கடித்தது. கோடையில் கிம்மை வேலையிலிருந்து நிறுத்தி வீட்டுக்கு அனுப்பினார். கிம் கை குலுக்கிவிட்டுப் போனான்.

இந்த நிலைமையில்தான் பல்கலைக்கழகத்திலிருந்து கேட்டார்கள். சின்னக் கம்பனிகள் எப்படி வளருகின்றன, பொருளைப் புதிதாக வடிவமைக்கிறவர்கள் உண்மையிலேயே கூடுதலாக வளருகிறார்களா என்று நூற்றுக்கணக்கான கம்பனிகளில் ஆய்வாம். கேள்வி கேட்க வந்தவள் ஸ்ரெபானி. அல்பேட்டின் மகள்.

“மாமா, முதல்லயே சொல்லிப்போடுறன். நீங்கள் சொல்லுற ஒண்டும் வெளியில போகாது. நான் கையெழுத்து வைச்சிருக்கிறன்.”

கிறிஸ்துநாயகம் சிரித்தார். “எங்கட ஆக்களுக்குள்ள ரகசியமோ? விடு பிள்ளை. கேள்.”

அவள் கொம்பிரசரின் சத்தத்துக்கு மேலால் கேட்டாள். “போன வருசத்தோட பாத்தா விற்பனை எப்பிடி? கூடியிருக்கோ, குறைஞ்சிருக்கோ?”

அவருடைய கண்ணுக்குள் மண்டபமும் கோப்பியும் அல்பேட்டின் வாயும் வந்து நின்றன. “வளருது பிள்ளை.”

“வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ மாமா. அவசரம் இல்லை.”

“இதில யோசிக்க என்ன கிடக்கு? அந்தப் பெட்டியளைப் பார். எல்லாம் போகப்போற சாமான்.”

“கிம் எங்க?”

“லீவு. ஸ்பெயினுக்குப் போயிட்டான். முதலாளிக்குத்தான் லீவு இல்லை.”

ஸ்ரெபானி சிரிக்கவில்லை. பேனையை உதட்டில் வைத்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி மூன்றாம் முறையும் கேட்டாள். “மாமா, குறைஞ்சிருந்தா குறைஞ்சதெண்டு சொல்லலாம். அது ஒரு பிழையும் இல்லை.”

அவருக்கு முகம் சூடாகியது. தூக்கி விளையாடிய குழந்தை, இன்று தன்னைச் சந்தேகப்படுகிறதே! “வளருது எண்டு சொல்லுறன். நல்லா வளருது எண்டு எழுது!”

அவள் எழுதினாள். போகும்போது வாசலில் ஒரு கணம் நின்றாள். அந்தப் பெட்டிகளை இன்னொருமுறை திரும்பிப் பார்த்தாள். அவள் கார் திரும்பியதும் அவர் கொம்பிரசரை நிறுத்தினார். அதற்குப் பிறகு இருந்த அமைதியை அவரால் தாங்கவே முடியவில்லை.

குளிர்காலம் முடிவதற்குள் பட்டறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பெட்டிகள் பழைய இரும்பாகப் போயின. மேரிசெலினுக்கு ஒரு மணிக்கட்டில் சத்திரசிகிச்சை செய்தார்கள், பழைய பிடி திரும்பி வரவில்லை. கிறிஸ்துநாயகம் பக்கத்து ஊரில் ஒரு களஞ்சியசாலையில் பெட்டி தூக்கப் போனார். ஆனால் வீட்டிலிருந்து வெளிக்கிட்டது அதே நேரத்தில், அதே நீல உடுப்பில். ஒருவருக்கும் சொல்லவில்லை.

ஒரு வருடத்தின் பின் ஸ்ரெபானி திரும்பி வந்தாள், இந்த முறை வீட்டுக்கு. கம்பனி மூடியது அவர்களுடைய கணினியில் வந்திருந்ததாம். கிறிஸ்துநாயகம் முதல் நாளே எல்லாவற்றையும் மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தார். மூட்டைப் பற்றி, பிளாஸ்டிக்கைப் பற்றி, கிம்மைப் பற்றி. இந்த முறை ஒளிக்காமல் சொல்லிவிடுவது என்று.

“மாமா, மூடின கம்பனிக்கு ஒரு கேள்விதான். எப்ப மூடினீங்கள்?”

“அவ்வளவோ?”

“அவ்வளவுதான்.”

“பிள்ளை, நீ முதல்முறை வந்த அண்டைக்கே அது செத்துத்தான் கிடந்தது.”

“எனக்குத் தெரியும் மாமா.” அவளுடைய கண் நிறைந்துவிட்டது. “பெட்டியெல்லாம் ஈரமாயிருந்தது.”

பிறகு அவள் சொன்னாள். விற்பனை குறைந்த கம்பனிகளின் பெயர்களைத்தான் குலுக்கிப் போட்டார்கள். குலுக்கலில் பெயர் விழுந்தவர்களுக்கு ஒரு வடிவமைப்பாளர் அரை வருடம் பக்கத்தில் இருந்து, பொருளைத் திருத்திக் கொடுத்தார். அதை முன்கூட்டிச் சொல்ல அவளுக்கு அனுமதி இல்லை. சொன்னால் எல்லாரும் குறைந்தது என்றே சொல்லிவிடுவார்களே.

“அதுதான் மூண்டுதரம் கேட்டனியோ?”

“அதுக்குமேல கேக்கேலாது மாமா. உங்களிட்ட நான்தான் போவன் எண்டு நானேதான் கேட்டு வாங்கினன். தமிழில கேட்டா மனம்விட்டுக் கதைப்பீங்கள் எண்டு நினைச்சன். ஒரு டெனிஸ்காரன் வந்திருந்தா?”

“அவனிட்டச் சொல்லியிருப்பன். அவனிட்ட என்ன வெக்கம்?”

மேரிசெலின் இடது கையால் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். மூன்று பேரும் குடிக்கவில்லை. திருத்த வேண்டியிருந்தது ஒரேயொரு மூட்டு. குலுக்கலில் அவர் பெயர் விழாமலே போயிருக்கலாம்தான். ஆனால் அவர் பெயர் அந்தக் குலுக்கலுக்குள்ளேயே போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் கோப்பி வாசனை. அல்பேட் தூரத்திலிருந்தே கண்டுவிட்டான்.

“முதலாளி வாறார்! எப்பிடி, காலுறை ஓடுதோ?”

கிறிஸ்துநாயகம் அவனுடைய முகத்தை உற்றுப் பார்த்தார். நக்கல் இல்லை, நடிப்பும் இல்லை. அல்பேட்டுக்கு ஒன்றுமே தெரியாது. அவனுக்குப் பின்னால் ஸ்ரெபானி கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை. அன்றைக்கு அவர் உண்மையைச் சொல்லியிருந்தாலும் அவள் வெளியில் சொல்லியிருக்க மாட்டாள்.

“இல்லை அல்பேட். நிண்டுபோச்சு. போன குளிருக்கே மூடியிட்டன்.”

அல்பேட் சிரிக்கத்தான் வாயைத் திறந்தான். சிரிப்பு வரவில்லை. கையிலிருந்த கோப்பியை மெல்ல மேசையில் வைத்தான்.

“எடேய் நாயகம்,” என்றான். “என்னட்ட ஏன்டா சொல்லேல்லை?”