இத்தாலி தோற்ற காலை

புலம்பெயர்ந்து வந்த எங்கள் டோர்செட் பார்க் வீட்டில் என் மகள் இத்தாலி அணியின் பழைய ஆட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொண்ணூற்று நான்கு உலகக் கோப்பையின் கடைசி பெனால்டி கம்பத்துக்கு மேலே பறந்ததும் நான் எழுந்துவிட்டேன்.

"ரிலாக்ஸ், அம்மா! உது பழைய மட்ச்."

அந்த ஆட்டம் நடந்தபோது நாங்கள் இருந்த யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. இத்தாலிக்குப் புறப்பட்ட அண்ணனிடமிருந்து ஐந்து மாதமாகக் கடிதமும் இல்லை. காலைச் செய்திக்காக நான் சைக்கிள் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோ கரகரத்தது. இறுதியாட்டத்தில் இத்தாலி தோற்றுவிட்டதாம்.

பந்தாட்டமே தெரியாத அப்பா முற்றத்தில் அங்குமிங்கும் நடந்தார்.

"அவன் சாப்பிட்டிருக்க மாட்டான், பிள்ளை."

"அண்ணை போய்ச் சேர்ந்தாரோ எண்டே தெரியாதே, அப்பா," என்றேன். அவர் நிற்கவில்லை.

மூன்று கிழமையில் இத்தாலியிலிருந்து அண்ணனின் கடிதம் வந்தது. முதல் வரியே, "அப்பா, நாங்கள் தோத்துப்போனம்."

அப்பா அதை உரக்க வாசித்து வாசித்துச் சிரித்தார்.